சித்தியின் மருந்துக் கணக்கு

சித்தி சிறைக்குப் போனபோது அவருக்கு 66 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சீட்டு பிடித்தவர், எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘சீட்டு அக்கா’ என்றால் தெரியும். ஒரு சீட்டு முடங்கியது, அதை அடைக்க இன்னொரு சீட்டு, அதையும் அடைக்க இல்லாத ஆட்களின் பெயரில் மூன்றாவது, கடைசியில் புகார், ஏமாற்றுக் குற்றம், நான்கு ஆண்டுத் தண்டனை. தப்பு செய்தார், அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. பணம் போனவர்களில் என் அம்மாவின் தோழிகளே மூன்று பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே “சுருட்டும்போது தெரியலையாமா?” என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்தது: வயதான ஒரு பெண் உள்ளே இருக்கும்போது நோய் வந்தால் என்ன ஆகும், வெளியே இருக்கிற குடும்பம் என்னென்ன செய்திருக்க வேண்டும், நாங்கள் எதையெல்லாம் கோட்டைவிட்டோம்.

2021 மார்ச்சில் உள்ளே போனார். இங்கே தண்டனையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கழியும், கழிந்த காலத்தில் மறுபடி குற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக 48 மாதத்தில் 32 மாதம். 2023 நவம்பர் என்று நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டோம், போட்டதோடு மறந்தும் போனோம். சித்தப்பா மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கேட்டால் வேலை, கொரோனாக் கட்டுப்பாடு, பிள்ளைக்குப் பரீட்சை. உண்மை என்னவென்றால் வெட்கம். எங்கள் குடும்பத்திலேயே ஒரு மாமா தொண்ணூறுகளில் இரண்டு தடவை உள்ளே போய் வந்தவர், அவரைப் பார்க்க வேன் பிடித்து ஏழு பேர் போனார்கள், திரும்பி வந்தபோது கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். அதே குடும்பம் சித்தி பெயரைச் சொன்னால் குரலைத் தாழ்த்தும். இங்கே சிறையில் இருப்பவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான், அதிலும் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்கில் வந்தவர்கள். நம் வீட்டுப் பாட்டி வயசு அம்மா அங்கே இருப்பார் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

2022 நடுவில் சித்தப்பா மாரடைப்பில் போனார். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் நான் முதன்முதலில் சாங்கிச் சிறைக்குப் போனேன். பதினாறு மாதம் கழித்து! கைப்பேசியையும் பையையும் பெட்டியில் பூட்டிவிட்டு, அடையாள அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சித்தி வந்து உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தார். சீட்டுக் காலத்தில் சித்தி எப்போதும் இடது தோளில்தான் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, வலது கையால் நோட்டில் எழுதுவார். அன்றைக்கு வலது கையால் எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டார். சித்தப்பா விஷயத்தைச் சொன்னதும் அழுதார், அழுதபோது கண்ணைத் துடைக்க இடது கை மேலே வரவில்லை, குனிந்து முகத்தைக் கையருகே கொண்டுபோய்த் துடைத்தார். நான் கவனித்தேன். கேட்கவில்லை. சாவுச் செய்தி சொல்ல வந்த இடத்தில் கை ஏன் தூக்க முடியலை என்று எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை கேட்டேன், “பாய்ல படுத்து மரத்துப்போச்சு பாப்பா” என்றார். அதற்கும் அடுத்த முறைதான் மார்பில் கட்டி என்ற வார்த்தை வந்தது. எட்டு மாதமாக இருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன், தொலைபேசியில் கத்தினால் அவர் காது என்ன ஆகும் என்றுகூட யோசிக்கவில்லை. உள்ளே தாதி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், உடம்பு சரியில்லை என்றால் அதிகாரியிடம் சொன்னால் மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போவார்கள், பெரிய விஷயம் என்றால் வெளியே அரசாங்க மருத்துவமனைக்கு. இதெல்லாம் அவருக்குத் தெரியும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அங்கேதான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: வெளி மருத்துவமனைக்குப் போவதென்றால் கைவிலங்கு, பக்கத்தில் இரண்டு அதிகாரிகள். அங்கே தாதியாகவோ மருந்து வாங்கவோ தெரிந்த முகம் ஒன்று நின்றால்? “வெளிய வந்து பார்த்துக்கலாம்னு இருந்தேன்.” 2023 நவம்பர் வரை கட்டி காத்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால், முதலில் இதைத்தான் சொல்வேன்: உடம்பு எப்படி இருக்கு என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ‘நல்லாருக்கேன்’ என்றுதான் பதில் வரும். நெஞ்சில் கட்டி, காம்பில் கசிவு, தீட்டு நின்ற பிறகும் ரத்தம், மலத்தில் ரத்தம், எடை குறைவது, எது எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். என் தலைமுறைக்கே கூச்சமாக இருந்தது. சிறையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ச் சோதனை எடுக்க வேண்டும் என்று இங்கே ஊரெல்லாம் சொல்கிறார்கள், சித்தி வெளியே இருந்த அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களில் சீட்டுக் கணக்குப் போட்டார். ஐக்கிய நாட்டு நிறுவனம் 2010இல் பெண் கைதிகளுக்கென்று பேங்காக் விதிகள் என்று கொண்டுவந்தது, அதில் 18ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: வெளியே அதே வயதுப் பெண்களுக்கு என்ன தடுப்புச் சோதனை உண்டோ, மார்பகப் புற்றுநோய்ச் சோதனை உட்பட, அது உள்ளே இருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் அந்த அம்மா சரி என்று சொல்ல வேண்டுமே. அதைச் சொல்லவைக்க வெளியே இருந்து யாராவது பேச வேண்டும்.

நான் பேசினேன். அடுத்த வாரம் சொன்னார், பார்த்தார்கள், மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய், நான்காம் கட்டம். எலும்புக்குப் போய்விட்டது, கை தூக்க முடியாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இது எனக்குத் தெரிந்தது ஐந்து வாரம் கழித்து. இதில்தான் நாங்கள் பெரிதாகக் கோட்டைவிட்டோம். அவசரத் தொடர்புக்கு என்று சித்தி கொடுத்திருந்தது சித்தப்பாவின் கைப்பேசி எண். சித்தப்பா இறந்ததும், மாதக் கட்டணம் எதற்கு என்று அந்த இணைப்பைத் துண்டித்தவள் நானே. உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டிருந்தால் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள், இணைப்பில் இல்லை என்று வந்திருக்கும். ஒரே மகன் பெர்த்தில், வழக்குக்குப் பிறகு பேச்சே கிடையாது. நான் அடுத்த சந்திப்புக்குப் போனபோது சித்தியே சொன்னார், சந்தை விலை சொல்கிற மாதிரி: “கேன்சராம் பாப்பா, எலும்புல.” அன்றைக்கே உள்ளே அவரையும் கேட்கச் சொல்லி, வெளியே நானும் கேட்டு, என் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொடுத்தோம். பத்து நிமிட வேலை. சித்தப்பா சாவுக்கு மறுநாளே செய்திருக்க வேண்டியது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் உள்ளேயே சிகிச்சை. தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, தீட்டு நின்ற பெண்களுக்குக் கொடுப்பது, லெட்ரசோல் என்று பெயர். இடுப்பு எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவைக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள், ஒரு தடவையில் என்ன ஆகும் என்று நினைத்தேன், நல்லாவே குறைந்தது. குளியல், வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடந்தது, சர்க்கரை அளவு வெளியே இருந்ததைவிட உள்ளே நன்றாக இருந்தது என்று சித்தியே சிரித்தார். சிரமம் வேறு மாதிரி. உட்கார்ந்து எழுவது. பொது நேரத்துக்கு எழுவது. மற்றவர்கள் முன்னால் ரவிக்கையில்லாமல் இருப்பது. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழும்போது பக்கத்தில் படுத்திருப்பவர்களை எழுப்பாமல் தாண்டுவது. அவரோடு இருந்த சின்னப் பெண்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள், ‘பாட்டி’ என்று கூப்பிட்டார்கள். சீட்டு அக்கா பாட்டி ஆனது அங்கேதான்.

சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு இரண்டு வேறு வேறு வழிகள் உண்டு, நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். தண்டனை விதிக்கும் நேரத்திலேயே, குற்றவாளிக்குச் சாகும் அளவு நோய் இருந்தாலோ, சிறையில் வைத்தால் உயிருக்கே ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் கருணை காட்டலாம். 2025 ஆகஸ்ட்டில் ஹோட்டல் அதிபர் ஓங் பெங் செங் வழக்கில் சிறை இல்லாமல் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதத்தோடு முடிந்தது அந்த வழியில்தான், அவருக்கும் புற்றுநோய். அப்போது ஓர் உறவினர் எனக்குப் போன் செய்து “பணக்காரனுக்கு மட்டும்தானா, நம்ம சித்திக்கு ஏன் கேக்கல?” என்றார். சித்திக்குத் தண்டனை விதித்தபோது நோயே தெரியாதே, தெரியாததை எந்த வக்கீல் எடுத்து வைப்பார்? உள்ளே போன பிறகு நோய் வந்தால் அது வேறு வழி, சிறைச்சாலைச் சட்டத்தின் கீழ் மருத்துவக் காரணத்துக்காக முன்கூட்டி விடுவிப்பது. மருத்துவர்களின் அறிக்கையை வைத்து முடிவெடுப்பார்கள், நெருங்கிய சாவோ, உள்ளே இருந்தால் உயிருக்கு ஆபத்தோ இருக்க வேண்டும். சித்தியோ அப்போது மாத்திரையில் ஓரளவு தெம்பாக நடந்துகொண்டிருந்தார். இதற்காக நான் மூன்று மாதம் ஓடியதை, கடிதம் எழுதியதை, இன்று நினைத்தால் அந்த மூன்று மாதத்தை அவர் வெளியே வந்தால் எங்கே படுப்பார் என்பதில் செலவழித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு, கிடைக்காது என்று வைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

நான் அவ்வளவு பதறியதற்கு ஒரு காரணம் இருந்தது. காவலில் இருக்கும்போது யார் இறந்தாலும், நோயில் இறந்தாலும்கூட, மரண விசாரணை உண்டு, சட்டப்படி கட்டாயம். நோயாளி எப்படிப் போனார் என்று கேட்க ஒருவர் இருப்பது நல்லதுதான், அதில் குறையில்லை. ஆனால் காலையில் போனால் சாயங்காலம் மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோய்விடும் பழக்கமுள்ள நமக்கு, உடல் நம் கைக்கு எப்போது வரும் என்று தெரியாமல் நிற்பது பெரிய பயம். சித்திக்கும் அந்தப் பயம் இருந்தது. “உள்ள மட்டும் போயிடக் கூடாது பாப்பா” என்று கடிதத்தில் எழுதியிருந்தார், அவர் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதிய கையெழுத்தில்.

வெளியே வந்த காலையைப் பற்றி. நவம்பர், மழை. உள்ளே போனபோது போட்டிருந்த சுரிதாரிலேயே வந்தார், அது தோளில் நிற்கவில்லை. கையில் ஒரு பை, அதில் மாத்திரை, மருத்துவமனைக் கடிதம். டாக்ஸியில் ஏறினதும் முதலில் கேட்டது வீட்டைப் பற்றியோ மகனைப் பற்றியோ இல்லை, “நான் பாத்ரூம் போகணும்னா எங்க கேக்கணும்?” எங்கள் வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். முதல் பத்து நாள் கழிவறைக்குப் போகுமுன் சமையலறை வாசலில் வந்து நிற்பார். நான் தலையாட்டினால்தான் போவார். என் கணவருக்கு (சித்தியைக் கூட்டிவருவதில் அவ்வளவு இஷ்டமில்லாதவர், அவர் அண்ணியின் பணமும் சீட்டில் போயிருந்தது) அதைப் பார்த்த பிறகு பேச்சே நின்றுபோயிற்று.

அவருக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்த மருத்துவக் கட்டில் கூடத்தில் சும்மா கிடந்தது. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் எழும், கால்பக்கம் எழும், என் மகன் நன்றாக விளையாடினான். சித்தி பாயை விரித்துக் கீழே படுத்தார், விளக்கை அணைக்க விடவில்லை. கட்டிலைக் கொண்டுவருமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கீழே போட ஒரு நல்ல மெத்தையும், பிடித்து எழ ஒரு கைப்பிடியும், மலம் கழிக்கும் நாற்காலியும் வாங்கியிருப்பேன். இந்தச் சாமான்களுக்கு மூத்தோருக்கான மானியம் உண்டு, வசதிக்கு ஏற்ப 90 விழுக்காடு வரை கிடைக்கும், ஆனால் முதலில் ஒரு சிகிச்சையாளர் வந்து மதிப்பிட வேண்டும், அதற்கு நாளாகும். அதனால்தான் சொல்கிறேன், விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு 1800-650-6060 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பேசுங்கள், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் முதல் தடவை கூப்பிட்டபோது ‘வெளியூரில் இருக்கிறார்’ என்று பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் இரண்டு வாரம் போனது.

காகித வேலைதான் மனிதரைக் கொன்றுவிடும். சித்தியின் சிங்பாஸ், அதாவது அரசாங்கச் சேவைகளுக்கான இணையக் கணக்கு, அவருடைய பழைய கைப்பேசி எண்ணோடு இணைந்திருந்தது, அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ. சிங்பாஸ் இல்லாமல் மருத்துவ முன்பதிவு தெரியாது, சோதனை முடிவு தெரியாது, மசேநி என்கிற மத்திய சேமநிதிக் கணக்கும் தெரியாது. நல்ல வேளை அடையாள அட்டை இருந்தது, சமூக மன்றத்தில் இருந்த சேவை முகப்புக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து மீட்டோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, மசேநி நியமனத்தில் சித்தப்பா பெயர் மட்டும் இருக்கிறது. நியமிக்கப்பட்டவர் முன்னாலேயே இறந்துவிட்டால் அந்தப் பணம் பொது அறங்காவலரிடம் போய், உயில் இல்லாதவர்களுக்கு உள்ள சட்டப்படி பிரியும். உயிலில் எழுதி வைத்தாலும் மசேநிப் பணத்துக்கு அது செல்லாது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. பெரிய தொகை இல்லை, ஆனால் சித்திக்கு அதில் ஒரு பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று தெளிவாக இருந்தது, அது யார் என்று இங்கே எழுத மாட்டேன், மகன் இல்லை. இரண்டு சாட்சிகளோடு மாற்றினார். ஆயுள் குறைந்துபோனவர்கள் மருத்துவக் காரணம் காட்டி மசேநியில் இருப்பதை எடுக்கவும் வழி உண்டு, மருத்துவர் சான்று வேண்டும்.

நினைவு தப்பிப்போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரத்தையும், எந்த மாதிரி சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி எழுதிவைப்பதையும் நாங்கள் டிசம்பரில் செய்தோம். எல்பிஏ-வில் கையெழுத்துப் போட ஆளுக்கு நினைவும் தெளிவும் இருக்க வேண்டும், நல்லவேளை சித்திக்கு இருந்தது. உள்ளே இருக்கிற வயதானவர்களுக்கு மறதி நோய் வந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது, மாதத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் பேசுவதில் யாரும் தெளிவாகத்தான் தெரிவார்கள். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சையைப் பற்றிப் பேசிய அன்று அந்த ஊழியர் பெண் மிக நாசூக்காக, “உங்களுக்கு எது முக்கியம் அம்மா?” என்று கேட்டார். நான் பேரப்பிள்ளை, கோயில் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “கதவை உள்பக்கமா நான் சாத்திக்கணும்” என்றார்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் அந்திமகாலப் பராமரிப்புத் தாதி ஜனவரியில் வரத் தொடங்கினார். இங்கே எச்சிஏ ஹாஸ்பிஸ் என்ற அறநிறுவனம் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, இதைப் பணக்கஷ்டத்தில் இருக்கும் எத்தனையோ குடும்பம் தெரியாமல் விடுகிறது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வந்த முதல் நாளே தாதி, மார்பின் (morphine) என்ற வலி மருந்தைத் தொடங்க வேண்டும் என்றார். சித்தி மாட்டேன் என்றுவிட்டார். சும்மா மாட்டேன் இல்லை, பாட்டிலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். “உள்ள இருந்த புள்ளைங்க எல்லாம் இதனாலதானே வந்துச்சுங்க. அதுங்க ராத்திரி எப்படிக் கெடந்துச்சுங்கன்னு நான் பார்த்தேன். எனக்கு வேணாம்.” வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொன்னார். புற்றுநோய் வலிக்கு அளவோடு கொடுக்கிற மார்பினும் அந்தப் பெண்கள் போட்டதும் ஒன்றில்லை என்று தாதி அரை மணி நேரம் விளக்கினார், நான் விளக்கினேன், ஒன்றும் ஏறவில்லை.

ஏறவைத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. தாதிதான் ஏதோ நினைத்து, “சரிம்மா, யாரும் உங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிடக் கூடாது, நீங்களே கணக்கு வைங்க” என்று சொல்லி என் மகனின் நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். சித்தி அதை வாங்கிப் பார்த்தார், ஒரு பேனாவும் அடிமட்டமும் கேட்டார். நாலு கட்டம் போட்டார். தேதி, நேரம், எவ்வளவு, பாக்கி. பழைய சீட்டு நோட்டில் இருக்கிற அதே கட்டம், அதே சாய்ந்த எழுத்து. இரண்டரை மில்லி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பாட்டிலில் மீதி எவ்வளவு என்பது வரை. நான் கொடுத்தால் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். ஒரு நாள் ராத்திரி அவசரத்தில் நான் எழுத மறந்தேன், காலையில் கணக்கு இடிக்கிறது என்று எழுப்பி உட்காரவைத்துவிட்டார். அந்த நோட்டு ஏப்ரல் வரை ஒரு வரிகூடத் தப்பவில்லை, கடைசி எட்டு நாள் கையெழுத்து என்னுடையது.

மார்பின் தொடங்கினால் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்குங்கள், யாரும் சொல்லவில்லை என்று இருந்துவிடாதீர்கள். வலியைவிட மலச்சிக்கலில்தான் சித்தி அதிகம் அழுதார், அது முழுக்க என் தப்பு, தாதி கொடுத்த மலமிளக்கியை ‘வயிறு நல்லாத்தானே இருக்கு’ என்று நான் நிறுத்திவைத்திருந்தேன்.

பராமரிப்பவருக்கும் கொஞ்சம் பணம் கிடைக்கும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது மாதிரி அன்றாட வேலை ஆறில் மூன்றுக்கு நிரந்தரமாக உதவி தேவை என்றால் மாதாமாதம் மானியம் உண்டு, அப்போது 400 வெள்ளி வரை இருந்தது. எங்களுக்கு அது வர ஆரம்பித்தபோது மார்ச் ஆகிவிட்டது. 1950களில் பிறந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மெர்டேக்கா தலைமுறை அட்டையைப் பலதுறை மருந்தகத்திலும் சிறப்பு மருத்துவரிடமும் காட்டுங்கள், அதற்கும் கழிவு உண்டு.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை, அறைக் கதவை அவர் சாத்தியிருந்தபடியே போய்விட்டார். எந்த எண்ணுக்கு முதலில் கூப்பிட வேண்டும் என்று தாதி குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருந்ததால் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை, அதைக் கூப்பிட்டிருந்தால் நெஞ்சை அமுக்கத் தொடங்கியிருப்பார்கள். மருத்துவர் வந்து சான்றளித்ததோடு பதிவும் தானாக நடந்துவிடும், 2022 மே மாதத்திலிருந்து இறப்புச் சான்றிதழுக்கு எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை, இணையத்தில் 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். உடலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தெரிந்தவர்களுக்குத்தானே தெரியப்போகிறது என்று அங்கேயே வைத்தேன். எட்டாயிரம் வெள்ளி இழந்த ஓர் அம்மா வந்தார், தூணோரம் நின்று பார்த்தார், காப்பி வேண்டாம் என்றுவிட்டுப் போனார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, மூக்குக்கண்ணாடி. சித்தியின் கண்ணாடி உள்ளே போன கொஞ்ச நாளிலேயே பழசாகிவிட்டது, சர்க்கரை வேறு, எழுத்து தெரியவில்லை. வாயைத் திறந்து கேட்கவில்லை, மற்றதைப் போலவே. நானோ தாள் மிச்சம் பிடித்துப் பொடிப்பொடியாக நாலு பக்கம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரிதாக எழுதுங்கள், கண்ணாடியைப் பற்றியும் பல் செட்டைப் பற்றியும் கேளுங்கள். என் கடிதங்களையெல்லாம் அவருக்குப் படித்துக்காட்டியது கூட இருந்த ஒரு தமிழ்ப் பெண், பதில்களில் இருந்த கையெழுத்தும் அவளுடையது என்று பிறகுதான் தெரிந்தது. போன வருடம் வெளியே வந்தவள், எப்படியோ விலாசம் தேடி வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், உள்ளே வரலாமா என்று மூன்று தடவை கேட்டாள். சித்தி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என் மகனிடம் “நீதானே கணக்குல கோட்டைவிட்டது?” என்றாள், அவனுக்கு முகம் சிவந்துபோயிற்று. என் மாமியாரின் முழங்கால், கணவரின் வேலை மாற்றம், எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். தேநீரைக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “கீழ் மாடிப் பூனை காணோம்னு எழுதியிருந்தீங்களே அக்கா, அப்புறம் எழுதவே இல்லையே. வந்துச்சா?”